ஊர்ப்பெயர் மட்டும்

திருத்தணியில் கிளம்பும் காலை மின்சார ரயிலில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்கு யார்மேலும் கோபம் வராது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், நான் கோபக்காரன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது, ஐயா. எங்கள் வீட்டில் கோபம் நைனாவோடு சரி. அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிற குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன் நான். கோபப்பட்டால் அந்த வேலை ஓடாது.

சென்னையில் என் கம்பெனிக்குத் தொழில், செல்போனில் விளம்பரம் காட்டுவது. ஒரு ஜவுளிக் கடைக்காரர் விளம்பரம் கொடுத்தால், எத்தனை பேர் அழுத்திப் பார்த்தார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்று அவருடைய கம்ப்யூட்டர் எங்கள் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். அப்படிக் கேட்டு வாங்குகிற வழிக்கு ஏபிஐ என்று பெயர். அதில் ஊரை எப்படிச் சொல்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பு 2009இல் என்னிடம் வந்தது.

ஒருவர் எந்த ஊரைப் பற்றித் தேடினார் என்று சொல்லலாம். எந்த ஊரில் நின்றுகொண்டு தேடினார் என்றும் சொல்லலாம். முதலாவது போதும் என்றார் எங்கள் குழுத் தலைவி சந்திரா. இரண்டாவதையும் தந்தாக வேண்டுமென்றால் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார்.

“சின்ன ஊர்ல ஒருத்தர்தான் பாத்திருந்தா, யாருன்னு தெரிஞ்சிடுமே?”

“ஊர் பேரு தானே மேடம் குடுக்கறோம். ஆள் பேரா குடுக்கறோம்?”

பள்ளிப்பட்டு ஆளையும் திருத்தணி ஆளையும் ஒரே கூடையில் போட்டால் கடைக்காரருக்கு என்ன லாபம் என்றும் கேட்டேன். கடைசியில் நான் சொன்னபடியே ஆயிற்று. போன் எந்த டவரில் நிற்கிறதோ அந்த ஊரின் பெயர் ரிப்போர்ட்டில் வரும், பார்த்தது ஒரே ஆளானாலும்.

என் தங்கை தேவசேனா அதற்கு இரண்டு வருடம் முன்பே வீட்டைவிட்டுப் போயிருந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நேற்று கேட்டீர்கள். உண்டு.

அவள் கூடப் போன விஷ்ணு எங்கள் பவர்லூமைப் பழுதுபார்க்க வந்தவன். எங்கள் ஆட்கள் இல்லை. அத்தை மகன் பங்காரு பாவாவுக்கு அவளைத் தருவதாகப் பேசி வெற்றிலை பாக்கும் மாற்றியிருந்தோம். அவள் போன பிறகு நைனா வெளியே தலைகாட்டுவதையே விட்டுவிட்டார். எனக்கு அது தாங்கவில்லை. தங்கைமேல் எனக்குப் பிரியம் அதிகம், அதனால்தான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பதை அவள் தோழி வசந்தி வாய்தவறிச் சொன்னாள். ஊரை எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. ஆந்திரப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் மொட்டை திருத்தணி மலையில்தான். விழுகிற முடியைத் தாய்மாமன் தன் கையால் நெய்த துணியில் ஏந்த வேண்டும். அதுவரை குழந்தையின் தலையில் கத்தி படாது. பக்கத்துத் தறிக்காரர்களுக்கே இது வேடிக்கை. நான் அதையே விளம்பரமாக எழுதினேன்: ‘தாய்மாமன் நெய்த துணியில் முதல் முடி ஏந்த, திருத்தணியில் ஏற்பாடு.’ தமிழில் எழுதி, ஆந்திராவில் மட்டும் காட்டும்படி செய்தேன். எத்தனையோ பேர் கண்ணில் பட்டிருக்கும். அழுத்திப் பார்க்க எங்கள் வீட்டுப் பெண்ணுக்குத்தான் மனசு வரும். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

அவள் அழுத்தினாள், படித்தாள், மூடிவிட்டாள். அதிலிருந்த நம்பருக்குப் பேசவில்லை. கெட்டிக்காரி. ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு சின்ன நெசவு ஊரின் பெயரும் எதிரே ஒன்று என்றும் வந்துவிட்டது.

லீவு போட்டுவிட்டு நைனாவின் பழைய கைத்தறியில் உட்கார்ந்து துணியை நெய்தேன். பழக்கம் விட்டுப்போனதால் ஓரம் கொஞ்சம் கோணல். பிறகு மூன்று பேருமாகப் பஸ் ஏறினோம். தமிழ் பேசுகிற மெக்கானிக் வீடு எது என்று அந்த ஊர் டீக்கடையில் கேட்டதும் கையைக் காட்டினார்கள்.

மத்தியான நேரம். கதவைத் தட்டினேன்.

“யாரு?”

“நான்தாம்மா, அண்ணன். கொழந்தைக்குத் துணி நெய்ஞ்சி எடுத்துகினு வந்துகிறேன்.”

தாழ்ப்பாளில் கை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “நைனா கோவமா கீறாரா அண்ணா?” என்றாள்.

“இல்லம்மா. ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போட்டுடலாம்னு சொல்லிட்டாரு.”

தாழ்ப்பாளைத் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. நைனாவும் பாவாவும் சுவரோரம் நின்றதை அவள் பார்க்கவில்லை.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த விஷ்ணுவைப் பாவா பார்த்துக்கொண்டார். நைனாவுக்கு வயதாகிவிட்டது, அவரால் தனியாக முடியவில்லை. தேவசேனாவின் கைகளை நான்தான் பிடித்துக்கொண்டேன். அவள் சத்தம் தெருவுக்குக் கேட்காமலிருக்க வாயில் அந்தத் துணியை வைத்து அழுத்தினேன், அவள் அடங்கும்வரை. வேறெதுவும் கையில் இல்லை. சந்திரா மேடத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

துணி உங்கள் வசம் இருக்கிறது. அது இனி ஆகாது, வேறு நெய்ய வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு ஒரு நாள் என்னை வெளியே விடச் சொல்லி எழுதுங்கள், ஐயா. தாய்மாமன் இல்லாமல் மொட்டை போட முடியாது. அன்றைக்கு நான் தூக்கியதும் குழந்தை வீறிட்டு அழுதான். இப்போது காப்பகத்தில் ஆண்கள் யார் கிட்டே போனாலும் அழுகிறானாம். புது முகத்தைக் கண்டால் குழந்தைகள் அப்படித்தான். என்னிடம் பழகிக்கொள்வான்.