மூன்று ஃபேன்களும் நின்ற பிறகு

கம்ப்யூட்டர் பெட்டியை மேசைமேல் வெறுமனே வைக்கக் கூடாது ஐயா, அடியில் ரப்பர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபேனின் அதிர்வு இறங்கி மேசையே முனக ஆரம்பித்துவிடும். நான் என் பழைய செருப்பை வெட்டி நான்கு மூலைக்கும் ஒட்டினேன். அதற்கே என் மனைவி ஒரு வாரம் சிரித்தாள்.

பதிவு செய்த குரல்களைச் சுத்தம் செய்வது என் வேலை. இருமல், நாற்காலி கிரீச்சிடுவது, எச்சில் விழுங்குவது எல்லாவற்றையும் வெட்டி எடுப்பேன். பதினாறு வருடமாக இந்தக் காதை வைத்துத்தான் சோறு. ஒரு ரீங்காரம் கேட்கிறது என்று நான் சொன்னால் கேட்கிறது என்றுதான் அர்த்தம்.

சத்தம் எதிலிருந்து வருகிறது என்று பிடிக்க ஒரு வழி உண்டு. மூடியைக் கழற்றி, ஓடுகிற ஃபேனின் நடுவில் விரலை வைத்து ஒரு நொடி நிறுத்த வேண்டும். சத்தம் நின்றால் அதுதான் குற்றவாளி. நிற்காவிட்டால் அடுத்தது. மூன்றையும் நிறுத்திப் பார்த்தேன், பிறகு மூன்றையும் மாற்றினேன். பக்கத் தகடுகளின் உள்ளே கனமான ஸ்பாஞ்சு ஒட்டினேன். ரீங்காரம் போகவில்லை. தூக்கம் போனது. தாங்காமல் மனைவி தன் தம்பியை வரவழைத்தாள். கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் அவன் பிழைப்பு. தங்கமான மனிதன், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

காலை பதினொரு மணிக்கு வந்தான். மண்டியிட்டு, திறந்த பெட்டிக்குள் காதை வைத்தான்.

"ஒண்ணுமே கேக்கல மாமா. இவ்ளோ அமைதியான மெஷின நான் பார்த்ததே இல்ல."

"நல்லா கேளு மாப்ள."

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. காது டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுவோமா? அக்காவும் அதையேதான் சொல்றா."

கிண்டலாகச் சொல்லவில்லை, பரிதாபப்பட்டுச் சொன்னான். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். அவனுக்கு மூக்கடைப்பு, மூச்சு விட்டால் லேசாக விசில் அடிக்கும். பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் நிறுத்திப் பார்த்தாயிற்று, வெளியே இருப்பதை நிறுத்திப் பார்க்கவே இல்லையே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தகட்டைத் தட்டிப் பொருத்துகிற ரப்பர் சுத்தியல் கையில் இருந்தது. இரும்பைவிட அதில் சத்தம் குறைவு, அடிதான் கூடுதலாக வேண்டும். முதல் அடியில் அவன் முகம் பெட்டியின் விளிம்பில் மோதிப் பல் தெறித்தது. "அக்கா" என்றான். ஏழாவது அடிக்குப் பிறகு பேச்சில்லை, மூச்சு மட்டும் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மிஞ்சிய ஸ்பாஞ்சை முகத்தில் வைத்து, அடங்கும்வரை முழங்காலால் அழுத்தினேன். பிறகு காது கொடுத்துக் கேட்டேன். ரீங்காரம் அப்படியே இருந்தது. அநியாயமாக அவன்மேல் பழி போட்டுவிட்டோமே என்று மனசு கேட்கவில்லை ஐயா.

மனைவி தண்ணீர் டம்ளரோடு வாசலில் நின்றாள்.

"என்னங்க பண்ணிட்டீங்க?"

பொறுமையாக விளக்கினேன். இனி அவள் ஒருத்திதான் பாக்கி, கண்டுபிடிப்பது சுலபம் என்றும் சொன்னேன். ஓடிப்போய்ச் சமையலறைக் கதவை உள்ளே தாழிட்டாள். அந்தத் தாழ்ப்பாளைப் போட்டவனே நான்தான். எத்தனை உதைக்குத் தாங்கும் என்று தெரியும். பன்னிரண்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள். அவளை அதிக நேரம் கஷ்டப்படுத்தவில்லை.

அதன் பிறகும் கேட்டது. ஃபேன் மாற்றும்போது தவிர எங்கள் தொழிலில் மெஷினை அணைப்பதே கிடையாது. அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று அத்தனை மாதமும் எனக்குத் தோன்றவில்லை. அன்றுதான் வயரைப் பிடுங்கினேன். அப்போதும் கேட்டது. சரி, பக்கத்து வீட்டைப் பார்ப்போம் என்று சுத்தியலோடு படியிறங்கியபோது உங்கள் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்த அறையிலும் அது கேட்கிறது. நான் இல்லை, மூச்சை அடக்கிப் பார்த்துவிட்டேன். நீங்கள் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள் ஐயா.