ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர்

சாயங்காலம் நாலு மணி. லிமுரு பக்கம், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு மண் ரோடு. ஜூலை மாசம், அந்த ஊர்ல அது குளிர்காலம்... பத்தடி தள்ளி நிக்கிற ஆள் தெரியாது, அப்படி ஒரு பனி.

பேய்னா நடுராத்திரிதான் வரும்னு நினைச்சுக்காதீங்க. கிட்ட நகர்ந்து உக்காருங்க. என் சிநேகிதி முகாமியோட அக்கா நியோகாபிக்கு நடந்தது இது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வருது.

அந்த ஊர்க் கிக்குயூ ஜனங்க வீடுகள்ல மூத்த பொண்ணுக்கு அப்பாவைப் பெத்தவளோட பேர்தான் வைப்பாங்க. அதனால நியோகாபிக்கு வைரிமுன்னு ஒரு பொண்ணு. அவ புருஷனோட தம்பி கரஞ்சாவுக்கும் ஒரு வைரிமு. ரெண்டும் ஒரே வயசு. இதுல நியோகாபி பொண்ணு ஆறு வயசுல நெஞ்சுச்சளி முத்திச் செத்துப்போச்சு.

அந்தப் புள்ளையோட படமெல்லாம் ஒரு பழைய போன்ல இருந்துச்சு. போன் மக்கர் பண்ணவும், கரஞ்சா தன் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சான். ஃபோல்டருக்குப் பேர் வைரிமு. அவன் பொண்ணு படங்கள் இருந்த ஃபோல்டருக்கும் அதே பேர்தான். கொஞ்ச நாள்ல போனும் போயிடுச்சு. அப்புறம் அந்தப் புள்ள முகம் உலகத்துல இருந்தது அந்த ஒரு கம்ப்யூட்டர்லதான்.

ரெண்டாம் வருஷப் பிரார்த்தனைக்குப் பெரிசா ஒரு படம் போடணும்னு நியோகாபி அவன் வீட்டுக்குப் போனா. அவன் டீயை உறிஞ்சிக்கிட்டு ஃபுட்பால் பார்த்துட்டிருந்தான். கம்ப்யூட்டர்ல இடமே இல்ல அண்ணி, மேட்ச் இறக்க முடியல, ரெண்டு ரெண்டா இருந்ததையெல்லாம் போன வாரம் அழிச்சுட்டேன்னான். குப்பைத்தொட்டியக்கூட காலி பண்ணிட்டானாம்.

"திறந்து பார்த்தியா?"ன்னு கேட்டா நியோகாபி.

"பேர் ஒண்ணா இருந்துச்சு அண்ணி. அதான் ஒண்ணு இருக்குல்ல... போதாதா?"

கேட்டீங்களா பேச்சை? நியோகாபி அழல. "உன் பொண்ணை வச்சுக்கிட்டு என் பொண்ணை அழிச்சிருக்கே. ஒரு தடவை திறந்து பார்க்க உனக்குக் கை வலிச்சுதா?"ன்னா. அவன் தலையைச் சொறிஞ்சான். படம்தானே அண்ணின்னு முணுமுணுத்தான். அவன் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு இன்னும் வரல. வந்திருந்தா அந்தப் புள்ளையப் பார்த்தாவது வாயை மூடியிருப்பான்.

அந்த வேகத்தோடதான் நியோகாபி அந்த ரோட்டுல நடந்தா. பல்லைக் கடிச்சுக்கிட்டு... அவனும் அவன் கம்ப்யூட்டரும் நாசமாப் போகணும்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே.

சளக்... சளக்...

பின்னாடி சேத்துல சின்ன ரப்பர் பூட்ஸ் சத்தம். நின்னா. அதுவும் நின்னுச்சு. கூடவே யூகலிப்டஸ் தைல வாசம். கடைசி ராத்திரியெல்லாம் பொண்ணு நெஞ்சுல தேய்ச்சாளே, அதே தைலம்.

பனிக்குள்ளேருந்து வந்தது கரஞ்சா பொண்ணு. பச்சை ஸ்வெட்டர், தோள்ல பள்ளிக்கூடப் பை. பனியில வழி தப்பிடுச்சு போலன்னு நினைச்சா நியோகாபி. உன் வீடு அந்தப் பக்கம்டி, போன்னா. புள்ள போகல. வந்து அவ கையைப் பிடிச்சுக்கிச்சு. ஐஸ் மாதிரி இருந்துச்சு அந்தக் கை.

பிடிச்ச கையை விடாம நியோகாபி வீட்டுக்கே வந்துச்சு. உள்ள போனதும் புள்ள யாரையும் கேக்கல. நேரா கட்டிலுக்கடியில இருந்த பெட்டியை இழுத்துச்சு. துணிக்கு அடியில, ரெண்டு வருஷமா யாரும் தொடாத நீல டம்ளரை எடுத்துச்சு. பால் குடுன்னு நீட்டுச்சு. அப்புறம் இருமிச்சு... மூணு சின்ன இருமல், ஒரு இழுப்பு. அந்த இழுப்பு நியோகாபிக்குத் தெரியும்.

அப்பவே கூட்டிக்கிட்டுப் போய் விட்டிருக்கணும். அவ விடல. கதவைச் சாத்திட்டு கிழங்கும் பட்டாணியும் மசிச்ச இரியோவைச் சூடு பண்ணித் தட்டு நிறைய வச்சா.

இருட்டினப்புறம் கரஞ்சா டார்ச்சோட ஓடி வந்தான். மூச்சு வாங்குது. பள்ளிக்கூடம் விட்டு நேரம் ஆச்சு, வைரிமுவக் காணோம் அண்ணின்னான். வீட்டுக்குள்ள டார்ச்சை அடிச்சான். புள்ள அங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கு. அவன் பொண்ணேதான். போன வருஷம் சைக்கிள்லேருந்து விழுந்தப்போ பட்ட தழும்பு நெத்தியில அப்படியே இருக்கு.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. ஓடிப் போய்த் தோளைப் பிடிச்சு உலுக்கினான்.

புள்ள வாயில இருந்ததை மென்னு முழுங்குச்சு. மரியாதையா நகர்ந்து அவனுக்கு இடம் விட்டுச்சு.

"உக்காருங்க சித்தப்பா."