கம்ப்யூட்டர்ல போட்டிருந்த சம்பளம்

வரலட்சுமி: தண்ணியெல்லாம் வேணாம். உள்ள எடுத்துக்கினு போ.

ஜாக்குலின்: ரயில் டேஷன்லேர்ந்து நடந்து வந்துகீறீங்க அண்ணி. ஒரு வாயாவது…

வரலட்சுமி: ஒன் புருஷன கூப்புடு.

ஜாக்குலின்: பின்னால துணி தொவச்சிக்கினு கீறாரு. ஏங்க… அக்கா வந்துகீறாங்க.

பூபாலன்: அக்கா? இன்னாக்கா, காலங்காத்தால ஊரப்பாக்கத்துக்கு… ஆஸ்பத்திரில மாமா கூட யாரு?

வரலட்சுமி: பக்கத்து வூட்டு காசியம்மா கீறா. ஆளுங்க கீறாங்க.

பூபாலன்: நைட்டு தூங்கினாரா? அந்த மூச்சு வாங்கறது…

வரலட்சுமி: அத வுடு. இன்னா கையெல்லாம் சோப்பு நொர? பேராசிரியரு வூட்ல வாஷிங் மிஷின் இல்லியா?

பூபாலன்: ஏன்க்கா கிண்டல் பண்ற…

வரலட்சுமி: கிண்டல் இல்ல தம்பி. கேக்குறேன். உன் சம்பளம் எவ்ளோ?

பூபாலன்: எதுக்கு இப்ப அது?

வரலட்சுமி: கூடப் பொறந்தவ கேக்கக் கூடாதா?

பூபாலன்: கேளு. ஆனா…

வரலட்சுமி: நீ சொல்ல மாட்ட. நான் சொல்றேன். இருவத்தெட்டாயிரத்து சொச்சம்.

பூபாலன்: யாரு சொன்னாங்க?

வரலட்சுமி: கம்ப்யூட்டர் சொல்லுச்சி. நேத்து டவுன்ஷிப்ல லோகநாயகியம்மா வூட்ல பாத்திரம் தேச்சிக்கினு இருந்தேன். என் தம்பி வேல செய்ற காலேஜு இப்ப யுனிவர்சிட்டி ஆயிடிச்சிம்மா, கம்ப்யூட்டர்ல வருமாமேன்னு நாந்தான் பெருமையா கேட்டேன். போட்டாங்க. மொதல்ல பில்டிங்கு வந்துச்சி. அப்புறம் உன் மூஞ்சி.

பூபாலன்: அந்த போட்டோவா…

வரலட்சுமி: டையெல்லாம் கட்டிக்கினு. பாத்ததும் எனக்கு அழுக வந்துடுச்சி. பேருக்கு நேரா சம்பளம். அந்தம்மாவே படிச்சி சொன்னாங்க. "பரவால்லியே வரலட்சுமி, உன் தம்பி இவ்ளோ வாங்குறாரு, நீ ஏன் இங்க வந்து கஷ்டப்படுற"ன்னாங்க. நான் இன்னா சொல்றது?

பூபாலன்: யுனிவர்சிட்டின்னா யாருக்கு எவ்ளோ சம்பளம்னு ஜனங்க பாக்கற மாதிரி போடணுமாம்க்கா. ரூலு அது. எல்லாரு பேரும்…

வரலட்சுமி: நல்ல ரூலுதான். இல்லன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

ஜாக்குலின்: அண்ணி, அது…

பூபாலன்: ஜாக்குலின். நீ சும்மா இரு.

வரலட்சுமி: அவள ஏன் அடக்குற? போன மாசம் வந்து உன் எதுர்க்க உக்காந்தேனே. மாமாவுக்கு நெஞ்சுல வால்வு போச்சி, மாத்தணும், வால்வ மட்டும் நாம வாங்கித் தரணுமாம், அம்பதாயிரம் ஆவுமாம்னு சொன்னேனே. இன்னா சொன்ன? "என்கிட்ட எங்கக்கா"ன்னு அஞ்சாயிரத்த நீட்டின.

பூபாலன்: அக்கா…

வரலட்சுமி: அம்பதாயிரம் உனக்கு ரெண்டு மாச சம்பளம்டா. மாமா மாமல்லபுரத்துப் பட்டறைல கல்லு ஏத்தி எறக்குன துட்டுலதான நீ காலேஜ் போன. அவரு ராவெல்லாம் தோளுக்கு எண்ண தடவிக்கினு படுத்திருப்பாரு, நீ லைட்ட போட்டு படிச்சிக்கினு இருப்ப. லைட்ட அணைன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பாரா?

பூபாலன்: சொன்னதில்ல.

வரலட்சுமி: அப்புறம் எப்பிடி உனக்கு மனசு வந்துச்சி?

ஜாக்குலின்: போதும். நான் சொல்லிடறேன்.

பூபாலன்: வேணாம், ஜாக்கு.

ஜாக்குலின்: இன்னா வேணாம்? திருடன்னு பேரு வாங்கிக்கினு உக்காந்திருக்கப் போறீங்களா? அண்ணி, அவரு கைக்கு வர்றது எட்டாயிரத்து ஐந்நூறு.

வரலட்சுமி: ஊரு கத வுடாத. கம்ப்யூட்டர்ல…

ஜாக்குலின்: கம்ப்யூட்டர்ல போட்டது பேங்க்ல விழுது அண்ணி. நெசமாவே விழுது. ஆனா ஏடிஎம் கார்டு இவருகிட்ட இல்ல. ஆபீஸ் லாக்கர்ல கீது. இவருது மட்டும் இல்ல, எல்லா லெக்சரருதும். ஒண்ணாந்தேதியானா ஆபீஸ் ஆளு ஒருத்தன் கார்டெல்லாம் ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கினு போயி ஏடிஎம் ஏடிஎம்மா நின்னு எடுப்பான். சாயந்தரம் ஆளுக்கொரு கவரு. மிச்சம் ஆபீஸுக்கு.

வரலட்சுமி: மிச்சம் ஆபீஸுக்குன்னா… இவன் துட்ட அவன் எடுத்துக்குவானா?

ஜாக்குலின்: வரி கூட இருவத்தெட்டாயிரத்துக்குத்தான் புடிக்கிறாங்க.

வரலட்சுமி: தம்பி, இவ சொல்றது நெசமா?

பூபாலன்: …ம்.

வரலட்சுமி: அந்த அஞ்சாயிரம்?

ஜாக்குலின்: என் சீட்டு அண்ணி. தள்ளி எடுத்தோம்.

வரலட்சுமி: அடக் கடவுளே.

பூபாலன்: அட்வான்ஸ் கேட்டுப் பாத்தேன்க்கா. ரெண்டு வாட்டி. "இருவத்தெட்டாயிரம் வாங்குறவருக்கு எதுக்கு சார் அட்வான்ஸு"ன்னு மேனேஜர் சிரிச்சாரு. பக்கத்துல இருந்த கிளார்க்கும் சிரிச்சான்.

வரலட்சுமி: பேங்க்ல?

பூபாலன்: லோனுக்கு சம்பள ஸ்லிப்பு கேப்பாங்க. அத எங்க கைல குடுக்க மாட்டாங்க.

வரலட்சுமி: தூக்கிப் போட்டுட்டு வர வேண்டியதுதானடா. வேற காலேஜே இல்லியா?

பூபாலன்: என் ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் அவங்ககிட்ட கீது. பத்தாவதுலேர்ந்து. சேர்றப்போ வாங்கி வெச்சிக்கினாங்க.

வரலட்சுமி: பேப்பர்காரன்கிட்ட சொல்லு. கலெக்டராபீஸ்ல குடு.

பூபாலன்: எங்க காலேஜ்ல ஏசுபாதம்னு ஒருத்தர் எழுதிப் போட்டாரு. இன்னிக்கி அவரு சிங்கப்பெருமாள்கோவில்ல ஜெராக்ஸ் கட வெச்சிகீறாரு. சர்டிபிகேட்டு இன்னும் வரல.

வரலட்சுமி: …என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே.

பூபாலன்: எப்பிடி சொல்றது?

வரலட்சுமி: வாயத் தொறந்து சொல்றது.

பூபாலன்: மாமா ஊர்ல பாக்கறவங்ககிட்டயெல்லாம் இன்னா சொல்லிக்கினு கீறாரு? "என் மச்சான் லெக்சரரு." டீக்கடைல, பஸ்ல, ஆஸ்பத்திரி பெட்டுல படுத்துக்கினு நர்ஸுகிட்ட கூட. அவருகிட்ட போயி, மேஸ்திரி வாங்குற கூலி கூட எனக்கு வரல மாமான்னு சொல்லணுமா? அவரு தூக்குன கல்லுக்கெல்லாம் இதான் கெடச்சுதுன்னு சொல்லணுமா? கருமின்னு நெனச்சா நெனச்சிக்கட்டும்னு இருந்துட்டேன்.

வரலட்சுமி: கருமின்னுதான் நெனச்சேன். நேத்து ராத்திரியெல்லாம் உன்ன வாயில வராத வார்த்தயெல்லாம் சொல்லித் திட்டினேன்.

பூபாலன்: திட்டு. பரவால்ல.

வரலட்சுமி: பாம்புக்குப் பால ஊத்தி வளத்தேன்னு சொன்னேன்டா.

ஜாக்குலின்: அழாதீங்க அண்ணி. உள்ள வாங்க. வாசல்லயே உக்காந்துக்கினு… ஒரு வாய் காபித் தண்ணி…

வரலட்சுமி: வேணாம்மா. உன் மேல கோவம் இல்ல. இப்ப உள்ள வரக்கூடாது.

பூபாலன்: இன்னாக்கா இது? இன்னும் கோவமா?

வரலட்சுமி: இல்ல தம்பி.

பூபாலன்: நான் இன்னிக்கி லீவு போட்டுடறேன். கூட வேல செய்ற நாலு பேரு ஆளுக்கு கொஞ்சம் தரேன்னு சொல்லிகீறாங்க. வெள்ளிக்கெழம ஆபரேஷனுக்குள்ள பாதியாவது தேத்திடலாம். மீதிய…

வரலட்சுமி: வேணாம்.

பூபாலன்: ஏன் வேணாம்? வால்வு?

வரலட்சுமி: வேணாம் தம்பி.

பூபாலன்: வீம்பு புடிக்காத. இப்பவே உன்கூட செங்கல்பட்டு வரேன். மாமா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் நானே சொல்லிடறேன். வெக்கமாத்தான் இருக்கும். பரவால்ல. அவரு புரிஞ்சிக்குவாரு.

வரலட்சுமி: யார்கிட்டடா சொல்லப் போற… நேத்து சாயந்தரம் டவுன்ஷிப்லேர்ந்து நேரா அவருகிட்டதான் போனேன். வாய அடக்காம சொல்லிட்டேன், உன் மச்சான் இவ்ளோ வாங்குறானாம்னு. "அவனா குடுக்காதத நீ கேக்காத"ன்னாரு. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினாரு. விடியக்காலைல போயிட்டாரு. பத்து மணிக்கு மேல பாடிய குடுக்கறாங்க. நீ அவரு மொகத்த பாக்கக்கூட வரக்கூடாதுன்னு சொல்றதுக்குத்தான் டிரெயின் ஏறி வந்தேன்… சட்டையப் போடு தம்பி. தூக்கறதுக்கு நீயும் வரணும்.