கையா, கையுறையா

நல்ல வேளை, ஸ்டேஷனில் உங்கள் அறை தரைத்தளத்தில் இருக்கிறது. மாடியில் இருந்திருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிப் போயிருப்பேன். வலது முழங்காலில் மூன்று வருடமாக வலி. மடக்கினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே சத்தம் கேட்கும். நீங்கள் எழுதுங்கள் ஐயா, நான் நிதானமாகவே சொல்கிறேன். அவசரப்பட எனக்குத் தெம்பில்லை.

நகரத்துக் குப்பையெல்லாம் எங்கள் ஆலைக்குத்தான் வரும். முன்பு பதினெட்டுப் பெண்கள் பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று கையால் பிரித்தார்கள். பிறகு இந்த மிஷின் வந்தது. பெல்ட்டுக்கு மேலே ஒரு கேமரா. புட்டி, தகரம், அட்டை என்று அது பார்த்து முடிவு செய்யும், காற்றுக் குழாய் அந்தந்தத் தொட்டிக்குள் ஊதித் தள்ளிவிடும். எதிலும் சேராத மிச்சம் நேராக பிரஸ்ஸுக்குள் போய் அமுங்கி, கம்பி போட்ட கட்டாக வெளியே வரும்.

அந்த மிஷினுக்கு நாங்கள் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தோம். குனிந்து ஒரு வேலை செய்யாது, எல்லாவற்றையும் மேலே இருந்து பார்க்கும், முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டால் வீடே கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். பெல்ட் நின்றால் கீழே யாராவது "மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டாருடா" என்று கத்துவார்கள்.

அது கோபித்துக்கொள்வது கையைப் பார்த்தால்தான். மனிதக் கை மாதிரி எது வந்தாலும் பெல்ட்டை நிறுத்திவிடும். அதன் பாதுகாப்பு ஏற்பாடு அது. ஆனால் குப்பையில் எவ்வளவு கையுறை வரும் என்று உங்களுக்குத் தெரியாது. பாத்திரம் கழுவுகிற கையுறை, ஆஸ்பத்திரிக் கையுறை, பனிக்காலத்துக் கம்பளிக் கையுறை. ஒவ்வொன்றுக்கும் நின்று, மாடியில் இருக்கும் என் திரைக்குப் படம் அனுப்பிக் கேட்கும்: கையா, கையுறையா? இரண்டு பட்டன். கையுறை என்று அமுக்கினால் மூன்று விநாடியில் பெல்ட் ஓடும். கை என்று அமுக்கினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். நான் இறங்கிப் போய் நேரில் பார்த்து, சாவி போட்டுத் திருப்பிவிட்டு மேலே வர வேண்டும். அறுபத்திரண்டு படி. இரும்புப் படி.

நிஜ மாப்பிள்ளை ஒருவரும் அங்கே வேலை பார்த்தார். என் தங்கையின் கணவர். நான்தான் சேர்த்துவிட்டேன். உருளைகளில் சுற்றிக்கொள்ளும் கயிறு, ஒட்டு நாடா, கிழிந்த துணி இதையெல்லாம் உள்ளே புகுந்து அறுத்து எடுப்பது அவர் வேலை. சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். "மச்சானுக்கு என்ன, விரல் நோகாம பட்டன் அமுக்குறாரு. நாமதான் குப்பையில குளிக்கிறோம்" என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொல்வார். நானும் சிரிப்பேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது.

உள்ளே போகிறவர் பெல்ட்டை நிறுத்தித் தன் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. வேலை முடிந்ததும் நான் இறங்கி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பூட்டைத் திறக்கலாம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. சாயங்காலம் வீட்டு வாசலில் இருக்கும் இரண்டு படியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தோம். அவர் கேமராவுக்குக் கீழே கையை நீட்டுவார். மிஷின் நின்றுவிடும். நான் பதில் சொல்லாமல் காத்திருப்பேன். அவர் உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்து இரண்டு தடவை மணி அடிப்பார். அப்புறம் நான் கையுறை என்று அமுக்குவேன். பூட்டும் இல்லை, படியும் இல்லை. கண்டுபிடித்தோம் என்றா சொன்னேன்? யோசனை என்னுடையதுதான். அவர் முதலில் தயங்கினார்.

"ஏதாச்சும் ஆயிடாதே மச்சான்?"

"மேல நான் இருக்கேன்ல மாப்பிள்ள."

நான்கு மாதம் அப்படித்தான் நடந்தது. ஒரு குறையும் இல்லை.

அன்றைக்குக் காலையிலேயே இரண்டு தடவை இறங்கி ஏறியிருந்தேன். நிஜமாகவே ஒரு பொம்மைக் கை வந்து மாட்டிக்கொண்டது, அப்புறம் மேற்பார்வையாளர் வந்து சும்மா ஒரு தடவை கூப்பிட்டார். மதியச் சாப்பாட்டைக்கூட இறங்காமல் மேலேயே முடித்துக்கொண்டேன். அது முடிந்ததும் மாப்பிள்ளை படிக்குக் கீழே நின்று, "மச்சான், நான் உள்ள போறேன். மாப்பிள்ளையப் பாத்துக்குங்க" என்றார். சரி என்றேன். கை நீட்டினார். பெல்ட் நின்றது.

எப்போதும் நான்கு நிமிடத்தில் மணி அடித்துவிடும். அன்றைக்கு ஆறு நிமிடம் ஆனது. எட்டு நிமிடம் ஆனது. மேற்பார்வையாளர் போன் செய்தார். "மாப்பிள்ளைக்கு இன்னிக்கு என்னய்யா கோவம்? வெளிய அஞ்சு லாரி நிக்குது."

"பாக்கறேன் சார்" என்றேன்.

எழுந்தேன். கதவு வரைக்கும் போனேன். அங்கே நின்று படிகளைப் பார்த்தேன். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது திரையில் என்ன தெரிந்தது என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நிமிடத்துக்கு ஒரு படம் வரும். எல்லாப் படத்திலும் ஒரு கையுறை இருந்தது. ஆரஞ்சு நிறம், எங்கள் ஆலையில் கொடுப்பது. அதற்கு மேலே மணிக்கட்டு. அதற்கும் மேலே சட்டைக் கை, அதில் நீல நூலால் தைத்த வெள்ளைப் பித்தான். என் தங்கை எந்தச் சட்டைக்கும் நீல நூல்தான் போடுவாள், வீட்டில் ஒரே ஒரு நூல்கண்டுதான் இருக்கும். ஒரு படத்தில் விரல்கள் மடங்கியிருந்தன. அடுத்ததில் விரிந்திருந்தன. அதற்கடுத்ததில் மறுபடி மடங்கியிருந்தன. சட்டை உருளையில் சிக்கி, மணிப் பக்கம் நகர முடியாமல், ஒரு கை மட்டும் கேமராவுக்குக் கீழே எட்டக் கிடந்தார் என்று உங்கள் ஆட்கள் நாலு நாள் ஆராய்ந்து சொன்னார்கள். எனக்கு மூன்றாவது படத்திலேயே தெரிந்துவிட்டது.

கையுறை என்று அமுக்கினேன்.

மிஷின் உடனே ஓடவில்லை. நிச்சயமா என்று கேட்டது. அது அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. ஆம் என்று அமுக்கினேன். மூன்று விநாடி.

விசாரணையில் மிஷின்தான் கையைக் கையுறை என்று தவறாக எடுத்துக்கொண்டதாக முடிவு செய்துவிட்டார்கள். என் பதில் என் பெயரில் எங்கும் பதிவாகாது, அமுக்கியதும் அது மிஷினின் முடிவாகவே பதிவாகிவிடும். மிஷின் செய்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். "நாங்க சரியாப் பழக்கலை சார்" என்று என் அறையில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். திங்கட்கிழமை மிஷினைக் கழற்றப் போகிறார்களாம். அதற்காகத்தான் வந்தேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். பாவம், இரண்டு தடவை கேட்டதே அது.

ஆனால் அதற்காக மட்டும் இல்லை. தங்கை இப்போது என் வீட்டில் இருக்கிறாள். நேற்று நான் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டைக்குப் பித்தான் தைத்தாள். "நீ மேல இருக்கேன்னுதாண்ணே அவரு தைரியமா உள்ள போவாரு. அந்தப் பாழாப்போன மிஷின் இப்படிப் பண்ணிடுச்சே" என்றாள். ஆமாம்மா என்றேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, போட்டுப் பாருண்ணே என்று கொடுத்தாள். இதோ, இந்தச் சட்டைதான். இரவு முழுக்க அழுகை வருமா என்று பார்த்தேன். அலுப்புதான் வந்தது.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவர் உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். உயிரோடு இருப்பது தெரியும். கூப்பிடுகிறார் என்பதும் தெரியும். தெரிந்துதான் அமுக்கினேன். அவர் மேல் எனக்குக் கோபமோ பகையோ இல்லை, தங்கமான மனுஷர். அன்றைக்கு மூன்றாவது தடவையாக இறங்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் ஒரு நாளும் தவறான பதில் சொன்னதில்லை. கையா, கையுறையா என்றுதான் கேட்டது. அவர் கையுறை போட்டிருந்தார்.