ஒரு பட்டனுக்கு எத்தனை வெள்ளி

“ஒரு பட்டனுக்கு எத்தன வெள்ளின்னு தனித்தனியா எழுதிக் குடு, தங்கச்சி.”

ஜார்ஜ்டவுனில் மதிய நேரத்து நாசி கண்டார் சோற்றுக்கடை. நான் தட்டோடு வரிசையில் நின்றிருந்தேன். கல்லாவில் முதலாளி. பக்கத்தில் மடிக்கணினியோடு ஒரு பெண். கடைக்கு ஆர்டர் எடுக்கும் செயலி எழுதித் தர மூவாயிரம் வெள்ளி கேட்டிருக்கிறாள் போலும்.

“இப்ப ஏஐ இருக்குலா. மாசம் நூறு வெள்ளி கட்டுனா அதுவே எழுதிடுதாம்.”

“அந்த நூறு நானும்தான் கட்டுறேன். அகப்பை வாங்குற காசு வேற, சமைக்கிறவரு சம்பளம் வேற அண்ணே. பெருநாள் அன்னிக்கு ஆர்டர் நின்னுட்டா அதுக்கே போன் போடுவீங்களா?”

“கோவிச்சுக்காதலா. எத்தன மணி நேரம், மணிக்கு எத்தனன்னு கணக்கு வேணும். சும்மா பாத்துட்டு மூவாயிரம்னா எப்படி?”

நடுவில் எனக்கு முன்னால் நின்றவரின் தட்டு வந்தது. கோழி, வெண்டைக்காய், நாலு குழம்பும் கலந்து ஊற்றிய சோறு. முதலாளி அரைக் கண்ணால் பார்த்தார்.

“பதினாலு.”

“அண்ணே, அதுல வெண்டைக்கா எத்தன வெள்ளி?”

“அதெல்லாம் தனியா சொல்ல முடியாது. முப்பது வருஷம் ஆச்சு, பாத்தாலே தெரியும்.”

“எனக்குப் பத்து வருஷம் ஆச்சு. நானும் பாத்துட்டுதான் சொன்னேன்.”

அடுத்தது என் தட்டு, தினமும் பத்து வெள்ளிக்கு நான் சாப்பிடும் அதே சோறும் மீனும். முதலாளி அவளைப் பார்த்துக்கொண்டே சோறு, மீன், குழம்பு என்று ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினார்.

“பன்னெண்டு.”