வலப்பக்கம் நின்ற கோடு

— படத்துல ஒரு கோடு குறையுதேடா.

— எதுவும் குறையலக்கா. வயசு, சர்க்கரை, புகை, எல்லாம் வரிசையா நிக்குது பாரு.

— ஆபரேஷன் பண்ற முதல் அணி இருக்கு, ரெண்டாவது அணி இருக்கு. மூணாவது அணி எங்க?

— அது... பக்கத்துல இடம் பத்தலக்கா.

— பாதிப் பக்கம் வெள்ளையா கிடக்கு, இடம் பத்தலையா? படத்துக்கு ஃபாரஸ்ட் ப்ளாட்னு காட்டோட பேரை வச்சுட்டு, வேண்டாத மரத்தை மட்டும் வெட்டிட்டியாக்கும்?

— அக்கா, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்றது உன் வேலை. நோயாளிங்க அதுக்கப்புறம் எவ்வளவு காலம் உயிரோட இருக்காங்கன்னு கணக்குப் போட்டு வரையறது என் வேலை. இதுல மூக்கை நுழைக்காத.

— நுழைப்பேன். அழிச்சதைத் திரும்பக் கொண்டா.

— சொன்னாக் கேளுக்கா...

— கொண்டாடா!

— இந்தா. நல்லாப் பாத்துக்கோ.

— நடுக்கோட்டுக்கு இடப்பக்கம்னா சாவு கம்மி, வலப்பக்கம்னா ஜாஸ்தி. நீதானே சொல்லிக் குடுத்த. மூணாவது அணியோட கட்டம் எங்க போய் நிக்குது பாரு.

— அந்த அணிக்கு வந்த நோயாளிங்க கம்மிக்கா. அதான் கட்டத்துக்கு ரெண்டு பக்கமும் கோடு அவ்வளவு நீளமா ஓடுது. அடிச்சுச் சொல்ல முடியாது.

— நீளந்தான். ஆனா இடது நுனிகூட நடுக்கோட்டைத் தொடலையே.

— கஷ்டமான கேஸை எல்லாம் அந்த அணி தலையிலதானே கட்டுறாங்க!

— அந்தச் சாக்கைத்தான் நீயே கழிச்சுட்டியே. வயசு, சர்க்கரை, எல்லாத்தையும் கணக்குல சேத்த பிறகும் அசையாம அங்கேயே நிக்குது.

— கணக்குல சிக்காதது ஆயிரம் இருக்கும்க்கா.

— இருக்கட்டும். அதைத் தேடணும்னா முதல்ல கோடு கண்ணுல படணும். தையல்ல கோளாறா, கருவியிலயா, வார்டுல கவனிப்பு பத்தலையா? பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருட்டாயிடுமாடா?

— மதியம் மீட்டிங். பெரிய டாக்டர் இதைப் பாத்தாருன்னா, அந்த அணியை ஆபரேஷன் தியேட்டர் பக்கமே விடமாட்டார்.

— விடக் கூடாது. காரணம் தெரியுற வரைக்கும் யார் கெஞ்சினாலும் விடக் கூடாது.

— பேரு கெட்டுடும்க்கா. பாடுபட்டுச் சம்பாதிச்ச பேரு.

— மேஜையில படுக்கிறவனுக்கு உயிரே போகுது. உனக்குப் பேரு போறது பெருசாப் போச்சா?

— ஒரே ஒரு தடவை, எனக்காக. அழிச்சுடுறேன்க்கா.

— கையை எடுடா. அந்த அணியில கத்தி பிடிக்கிறவ நான். கோடும் என்னோடதுதான். பிரிண்ட் எடு, மீட்டிங்ல நானே காட்டுறேன்.