பவுடர் நனையாத இடம்

வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டினால் பதற வேண்டியதில்லை என்றுதான் எந்த டிரைவர் வந்தாலும் நான் முதலில் சொல்வேன். சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. மேலே எங்கோ கசிந்த எண்ணெய் காற்றில் பின்பக்கமாக ஓடி, ஏதாவது ஒரு போல்ட் தலையைப் பிடித்து இறங்கி, சம்பந்தமே இல்லாத இடத்தில் சொட்டும். தரையில் கறையைப் பார்த்தவுடன் ஸ்பேனரைத் தூக்குகிறவன் மெக்கானிக் இல்லை. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், அருணா மேடம். எண்ணெயைத் தடுக்கிற ஒரு ரப்பர் சீலைக்கூட அவசரப்பட்டு மாற்றியவன் இல்லை நான்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். நடந்ததை உங்கள் கைப்படவே எழுதுங்கள் எல்லப்பன் என்று தாளைக் கொடுத்தது நீங்கள்தான். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

சாதாரண லாரிக்குப் பின்னால் மட்டும்தான் டிஃபரன்ஷியல், அதாவது சக்கரங்களைச் சுழற்றுகிற பல்சக்கரப் பெட்டி, இருக்கும். தேன்கனிக்கோட்டைக்கு மேலே கல் குவாரியில் ஓடிய அந்த வண்டி ராணுவத்திலிருந்து ஏலத்தில் எடுத்தது. முன் சக்கரமும் இழுக்கும், அதனால் முன்னாலும் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. அதில் ஊற்றுகிற எண்ணெய் கெட்டியானது, அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். என்ஜின் ஆயிலோடு அதைக் குழப்பிக்கொள்ள மூக்குள்ள எவனாலும் முடியாது. வாசனையில் எண்ணெயைத் தெரிந்துகொள்ளலாம். கசியும் இடத்தைத் தெரிந்துகொள்ள எனக்கென்று ஒரு வழி இருக்கிறது. டீசல் ஊற்றி முழுக்கக் கழுவித் துடைத்துவிட்டு, முகத்துக்குப் போடுகிற பவுடரை மேலே தூவிவிடுவேன். பாகலூர் வரை ஓட்டிவிட்டு வரச்சொல்வேன். பவுடர் எங்கே முதலில் நனைந்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. பவுடர் பொய் சொல்லாது. வேலை முடிந்தபிறகும் ஒரு தூவு தூவித்தான் அனுப்புவேன், அது கை பழகிப்போனது.

வண்டியை ஓட்டியவன் பிரேம்குமார், இருபத்தாறு வயது. அவன் தாத்தா எங்கள் நிலத்தில் வேலை செய்தவர், அப்பாவும் அப்படித்தான். அவன் அப்பா என்னை ஐயா என்பார். இவன் அண்ணா என்பான். நான் திருத்தியதில்லை. நான் சாதி பார்க்கிறவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் பட்டறையில் யாருக்கும் தனி டம்ளர் கிடையாது. அவன்தான் டீ குடிக்கத் தன் டம்ளரைத் தானே கொண்டுவருவான். நல்ல பையன், சொல்லாமலே புரிந்துகொள்வான்.

ஆடி மாதம் முதல் வாரத்தில் வந்தான்.

"அண்ணா, முன்னாடி ஆக்சில்ல எண்ண ஒழுவுதுங்கண்ணா. பிரேக் அழுத்தினா வண்டி வலப்பக்கமா இழுக்குது."

வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கழுவிப் பவுடர் போட்டுப் பார்த்தேன். கோளாறு சக்கரத்தில் இல்லை. டிஃபரன்ஷியலின் தலையில் சின்னத் தொப்பிபோல ஒன்று இருக்கும், பிரீதர் என்போம். உள்ளே எண்ணெய் சூடாகும்போது காற்று வெளியேறும் வழி அது. குவாரிச் சேறு அதை அடைத்துவிட்டிருந்தது. காற்றுக்குப் போக வழியில்லை என்றால் அது எண்ணெயைத்தான் நெட்டும். எண்ணெய் ஆக்சில் என்கிற அச்சுக்குள் இரண்டு பக்கமும் ஓடி, சக்கரத்துச் சீலைத் தாண்டி பிரேக் கட்டைமேல் இறங்கிவிடும். சேற்றை எடுத்தேன், இடப்பக்கச் சீலை மாற்றினேன், பிரேக் கட்டையைச் சுத்தம் செய்தேன். அன்றைக்கு நான் செய்தது நேர்மையான வேலை.

அன்று அவன் எழுந்து சட்டையைத் தட்டும்போதுதான் எனக்கு அந்த வாசனை வந்தது. என் மகள் மேகலா போடுகிற பவுடரின் வாசனை. பட்டறை டப்பா வீட்டிலிருந்து எடுத்துவந்ததுதான், அவனும் என்னோடு வண்டிக்கு அடியில்தான் படுத்திருந்தான். அதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் மனதில் விழுந்தது விழுந்ததுதான்.

மேகலா சிப்காட்டில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை செய்கிறாள். அதற்கு முந்தைய மாதம் கம்பெனி பஸ் பழுதாகி நின்ற அன்று, மழையில் அந்த லாரியில்தான் வீட்டு முனையில் வந்து இறங்கினாள். கூட இரண்டு பெண்களும் இறங்கினார்கள். "பஸ் நின்னுபோச்சுப்பா, அண்ணன்தான் ஏத்திக்கினு வந்தாரு" என்றாள். அண்ணன் என்று ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? பிறகு போனைப் பார்த்துச் சிரித்தாள். சாப்பாட்டைப் பாதியில் வைத்தாள். கம்பெனி சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் என் மனைவி பூவம்மாள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. கசிவும் அப்படித்தான், ஆரம்பத்தில் வெறும் ஈரம்.

அவளையே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். வண்டி பேசாது, அதனால் பவுடர் போடுகிறோம். மகள் பேசுவாள், ஆனால் பேசுகிறவர்கள் சொல்வதை எப்படி நம்புவது? அதனால் ஒரு சனிக்கிழமை காலை, அவளுக்கு விடுமுறை நாள், பின்வாசல் படியில் மெல்லியதாகப் பவுடர் தூவிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். முன்வாசலில் அன்று ஆள் வைத்து டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தோம், அங்கே யாரும் திருட்டுத்தனமாக வர முடியாது. மதியம் சாப்பிட வந்தேன். பேரிங் வாங்குவது பற்றிப் பெங்களூருக்குப் போனில் பேசிக்கொண்டே வந்து, பேசிக்கொண்டே சாப்பிட்டுப் போனேன். சாயந்திரம் வந்து பார்த்தால் படியில் தெளிவாக ஒரு தடம். ஆண் செருப்பு. குதிகாலில் கருகி விழுந்த சின்னப் பள்ளம். அகலமான டேப்பை ஒட்டி அதை அப்படியே எடுத்து, சீட்டுக்குத் தைக்கிற கறுப்பு ரெக்சினில் பதித்து வைத்துக்கொண்டேன். எதையும் ஆதாரம் இல்லாமல் செய்கிற ஆள் இல்லை நான்.

செவ்வாய்க்கிழமை காலை பிரேம்குமார் மறுபடி வந்தான். வலப்பக்கச் சக்கரத்தில் லேசாக ஈரம். இந்தமுறை நான் சொன்னது:

"அது என்ஜின் ஆயில்டா. மேலேருந்து காத்துல ஓடி வருது. ஒண்ணும் பயமில்ல."

"நாத்தம் அடிக்குதே அண்ணா?"

"எனக்கு மூக்கு இல்லையா?"

அவன் சிரித்துவிட்டான். "உங்க மூக்குக்கு மேல யாரு அண்ணா" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனான். நான் வண்டிக்கு அடியில் போய், காய்ந்தால் ரப்பராக இறுகும் கேஸ்கெட் பேஸ்ட்டால் பிரீதரை இறுக்கமாக அடைத்தேன். மழைத்தண்ணீர் போகக்கூடாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றையும் துடைத்தேன். பிறகு வழக்கம்போலப் பவுடர் தூவினேன். இரண்டு மூன்று நடை போனால் எண்ணெய் இருபக்கமும் பிரேக்குக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். எந்த இறக்கத்தில், எப்போது என்பதை நான் தீர்மானிக்கவில்லை. அது வண்டியும் அவனும் பார்த்துக்கொண்டது.

வியாழன் காலை பதினொரு மணிக்கு, கல் ஏற்றி வரும்போது, மலை இறக்கத்தின் மூன்றாவது வளைவில் வண்டி நிற்கவில்லை. குவாரியில் கல் உடைக்கிற வெள்ளையம்மா என்ற அம்மாளும் கேபினில் இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போக ஏறியவளாம். அவனோடு அவளும் சாவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் வீட்டுக்கு என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்து என்று முடிந்திருக்கும். ஆனால் வண்டியைப் பரிசோதித்தவர் அடியில் படுத்துப் பார்த்திருக்கிறார். ஆக்சில் முழுக்க எண்ணெயும் சேறும். அடைத்த பிரீதரைச் சுற்றி மட்டும், எண்ணெய் வர வழியில்லாத அந்த ஒரு இடத்தில், பவுடர் வெள்ளையாக அப்படியே இருந்திருக்கிறது. ஓசூரில் லாரிக்குப் பவுடர் போடுகிறவன் ஒருத்தன்தான் என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லியிருப்பார்கள். இத்தனை வருடம் நனைந்த இடத்தை மட்டுமே தேடியவன், நனையாத இடத்தை மறந்துவிட்டேன். ஆம், அடைத்தது நான்தான். அவன் சாக வேண்டும் என்றுதான் அடைத்தேன். இதில் எனக்கு மறுப்பில்லை.

நான் ஏற்காதது ஒன்றுதான். நேற்று நீங்கள் வீட்டைச் சோதனை போட்டு என் அலமாரியிலிருந்து எடுத்த அந்த ரெக்சின் தடத்தின்மேல் என் செருப்பையே வைத்துக் காட்டினீர்கள். அளவு சரியாக இருந்தது. குதிகாலில் கிரைண்டர் பொறி விழுந்து ஏற்பட்ட பள்ளமும் சரியாகப் பொருந்தியது. முன்வாசலில் டைல்ஸ் ஈரமாக இருந்ததால் அன்று மதியம் பின்வாசல் வழியாகத்தான் நான் வந்தேன் என்கிறாள் பூவம்மாள். பிரேம்குமாரோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசியதே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாளாம் மேகலா. என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றும் சொல்கிறாளாம். அழட்டும், பெண் பிள்ளைகள் அப்படித்தான் அழும்.

நான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன், மேடம். பொருந்துகிறது, இல்லை என்று சொல்லவில்லை. அவன் என் செருப்பையே மாட்டிக்கொண்டு என் வீட்டுக்குள் போய்வருகிற அளவுக்கு அவர்களுக்குள் நெருக்கம் இருந்திருக்கிறது என்றுதானே இதற்கு அர்த்தம்.